வாசலுக்கு ஒரு பெயர்ப்பலகை

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடுங்க. மெஷின் இருக்கற பின் ரூமைப் பூட்டிச் சாவியை எடுத்துட்டுப் போறேன். கோவத்துல இல்ல.

“ஒரு வருஷமா அந்த லேசர் மெஷினையே கட்டிக்கிட்டு அழறீங்க, வாசலுக்கு ஒரு பெயர்ப்பலகை வெட்டித் தந்தீங்களா?”ன்னு நேத்து கத்தினேன்ல? இன்னிக்குக் காலையில மூடியைத் திறந்தா பலகை ரெடியா இருக்கு. தொட்டா இன்னும் சுடுது. போன தடவை நீங்க வெட்டிப் பாழாக்கின பலகை மாதிரி ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்னு பிரியவும் இல்ல. சமாதானத்துக்கு நீங்கதான் வெட்டி வச்சுட்டு வேலைக்குப் போயிருக்கீங்கன்னு உருகிட்டேன்.

அப்புறம்தான் உறைச்சுது. நீங்க கழட்டின பழைய லேசர் ட்யூப் கட்டிலுக்கு அடியில கிடக்கு. புதுசு இன்னும் பிரிக்காத பெட்டியில இருக்கு. அப்ப ட்யூபே இல்லாம மெஷின் எதை வச்சு வெட்டுச்சு?

பலகையில ரெண்டு பேரு. மேல உங்களோடது. கீழ, பொண்ணு பிறந்தா வைக்கணும்னு நான் மனசுக்குள்ளயே வச்சிருந்தது. உங்ககிட்டகூடச் சொன்னதில்ல. நாள் தள்ளிப்போயிருக்குன்னும் சொல்லல. இப்ப டாக்டரைப் பாக்கத்தான் போறேன்.

பி.கு. சாப்பாடு கிடக்கட்டும். நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க. பலகையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன், என் பேரு எங்கயுமே இல்ல.