மீன் வாசம் வந்த காலி பைப்

தக்கோராடி,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து

என் அக்கா பெற்ற செல்லம் ஏக்குவாவுக்கு மாமன் கோபினா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம், கடல் சுகம், மீனும் ஏராளம்; நீயும் அந்தப் பனி ஊரில் காதைப் போர்த்திக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நர்ஸ் மாணவிகள் விடுதிக்கு வயரிங் முழுக்க நான்தான், அப்படி ஒரு வேலை மந்திரி வீட்டில்கூடக் கிடையாது. அதன் சமையற்கூடம் உன் அம்மாவுக்குக் கிடைத்தது உனக்குத் தெரியுமே, திங்கட்கிழமை திறப்பு என்று நம்பி, கையிலிருந்த சோளத்தையெல்லாம் அரைத்து, கெங்கே உருண்டை அவிக்க மாவு புளிக்கப் போட்டுவிட்டாள். தீயணைப்பு அலுவலக மேடம் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் விடுதி திறக்கும், இல்லையென்றால் மாவு அத்தனையும் பன்றிக்குத்தான். வியாழக்கிழமை மேடம் வந்தார். மெயின் போர்டு அறைக்கும் சமையற்கூடத்துக்கும் நடுவில் இருப்பது தீ தாண்டாத சுவர், இரண்டு மணி நேரம் நெருப்பை நிறுத்துமாம், நான் கை வைத்த இடம், இரண்டு நாளே நிறுத்தும். மேடம் என் போர்டின் அழகை மூன்று தடவை பார்த்தார், பிறகு மூக்கை உறிஞ்சி, "மாஸ்டர், கரண்டு ரூம்ல யாரு மீன் பொரிக்கிறா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் உன் அம்மா அடுப்பைச் சோதித்துக்கொண்டிருந்தாள்! குளிர்பெட்டி வருமென்று முன்னமே போட்ட இரும்பு பைப் ஒன்று, பெட்டி வராததால் வயரில்லாமல் சுவரைத் துளைத்துக்கொண்டு சும்மா கிடந்தது. கொத்தனார் அட்டா, இங்கே எல்லாரும் செய்கிறபடி, சிமெண்டுப் பைக் காகிதத்தைத் திணித்துச் சாம்பல் பெயிண்ட் அடித்திருந்தான். மேடம் அதை இரண்டு விரலால் உருவி, "இது அடைப்பா, அடுப்பு பத்தவைக்கிற காகிதமா? மீன் வாசம் வர்ற வழியில புகை வராதா? மேல பொண்ணுங்க தூங்கப்போறாங்க" என்றார். அட்டா, "வயரே இல்லாத பைப்புல நெருப்புக்கு என்ன வேலை மேடம்?" என்று கேட்க, "வயர் இருந்தா பாதி வழியாவது அடைஞ்சிருக்கும்ப்பா" என்றார். உன் அம்மா கரண்டியோடு வந்து, "கோபினா, என் மாவு நாசமாச்சுன்னா உன் தலையிலதான் கொட்டுவேன்" என்றாள்.

பைப்பை எடுத்துவிட்டுச் சுவரை அதே தரத்தில் அடைக்கலாம், இல்லையென்றால் பைப்பையே அடைக்கலாம். சுவரை உடைக்க எனக்கு மனமில்லை. சூடு பட்டால் உப்பி இறுகும் பசை துறைமுகத்தருகே ஒரே கடையில் இருந்தது, நான் நுழைந்ததும் கடைக்காரன் எழுந்தே நின்றான். பைப்பின் இரண்டு வாயிலும் ஆழமாகத் திணித்து, சுற்றியிருந்த இடுக்கிலும் அதையே பூசி, மூடி திருகி, காலி பைப் என்று அட்டையும் மாட்டினேன். மறுநாள் மேடம் டார்ச் அடித்துப் பசையைப் பார்த்தார், அதோடு விடாமல் உன் அம்மாவிடம், "அக்கா, மறுபடி பொரிங்க" என்றார். அவள் பழிவாங்குவதுபோல் கருவாட்டைப் போட்டாள், தக்கோராடி நாய்கள் மொத்தமும் வந்துவிட்டன. போர்டு அறையில் நாங்கள் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றோம். துளி வாசம் இல்லை! மேடம் அங்கேயே கையெழுத்துப் போட்டார். அக்கா சமையல் வாசம் எட்டவில்லை என்று நான் துள்ளிக் குதித்தது பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. மாவும் பதமாகப் புளித்திருக்கிறது, நாளைக்குக் கெங்கே.

நீ நீண்ட ஆயுளோடும் தடித்த கம்பளியோடும் வாழ ஆண்டவர் அருளட்டும். பக்கத்து வீட்டுச் சமையல் வாசம் உன் அறைக்குள் வந்தால் பசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே, எந்த ஓட்டை வழியாக வருகிறதென்று கேட்டு அடைக்கச் சொல்.

தக்கோராடியின் முதல் எலெக்ட்ரீஷியன்,
உன் மாமன்
கோபினா