கக்கத்துத் துண்டு

ஆடி முதல் வெள்ளி, இரவு.

எழுதத் தெரியாது, போனில் பேசிப் பதிகிறேன். சட்டம் படிக்கும் பேத்தி செல்வியைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்வதாகத் தென்காசி வக்கீல் ஒருவர் சொல்லியிருந்தார். துணைக்கு நானும் போனேன்.

"உக்காருங்கம்மா" என்றார் அவளிடம். பின்னால் நுழைந்த எனக்கு அவர் முகம் தெரிந்துவிட்டது. என் பழைய முதலாளி மகன். குற்றாலத்து அருவியில் நான் தோளில் தூக்கிக் குளிப்பாட்டிய பிள்ளை. என்னை அறியாமல் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கி, "சின்ன மொதலாளி" என்றேன்.

"ஏலே சுடல, ஒன் பேத்தியா இவ?" என்றவர் அவளிடம் திரும்பினார். "ஏட்டி, இங்கன எடம் நெறஞ்சிட்டு. வேற எங்கயாவது பாரு."

நேற்று போனில் சரி என்ற அதே வாய்.

பஸ்ஸில் செல்வி கேட்டாள்: "துண்ட எதுக்குத் தாத்தா எடுத்த?"

குனிந்து பார்த்தேன். அது இன்னும் கக்கத்தில்தான் இருந்தது.