காலியாக விட்ட பேச்சுக் குமிழ்கள்

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாவி செருப்பு அலமாரியின் மேல்.

இணைய வகுப்புக்காக நம் வீட்டைக் காமிக்ஸாக வரைந்து நேற்று காட்டினாய். “அப்பாவோட வசனத்த மட்டும் எழுத மறந்துட்டியே?” என்றேன். “உங்ககிட்ட காட்டினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்! இத வகுப்புல காட்டவே போறதில்ல” என்று போய்விட்டாய்.

காலையில் மறுபடி பார்த்தேன். நீ எதையும் மறக்கவில்லை, நான்தான் பேசுவதில்லை. கட்டத்துக்குக் கட்டம் என் புத்தகத்துக்குப் பின்னாலிருந்து காலிக் குமிழ் எழும்புகிறது. பக்கம் திருப்ப நான் விரலை நக்குவதைக்கூட நீ வரையாமல் விடவில்லை. தனியாக நின்று சிரித்தேன். எவ்வளவு கூர்மையான கண் உனக்கு!

இன்று வகுப்பில் இதையே காட்டு.

பி.கு.: குமிழ்களில் எதையும் எழுதிவிடாதே. மாலையில் வந்ததும் நானே பேச்சை ஆரம்பிக்கிறேன். நீ சிரிக்கக் கூடாது.