கட்டக்காரியின் பாஸ்வேர்டு

ஜூன் 4

என்னங்க,

நானும் மகளும் நலம். நடுக்கடலில் உங்களுக்கு போன் கிடைக்காது. கம்ப்யூட்டர் இருக்கிற லட்சணத்தில் மெயிலும் அனுப்ப முடியவில்லை. அதனால் கையால் எழுதுகிறேன்.

லீவின் கடைசி இரண்டு நாளும் நான் உங்கள் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தபோது, வீட்டிலிருக்கும் மூன்று கம்ப்யூட்டரையும் லினக்ஸ் என்ற வேறு சிஸ்டத்துக்கு மாற்றியிருக்கிறீர்கள். "இனி நிம்மதி!" என்று திரையில் சீட்டு வேறு. பிரிண்டர் வெள்ளைத்தாளாகத் துப்புகிறது. சரி செய்யப் போனால் பாஸ்வேர்டு கேட்கிறது. அதையும் உங்களோடு கப்பலுக்குக் கொண்டுபோய்விட்டீர்கள்.

அதெல்லாம் போகட்டும். 'கட்டங்கள்' என்ற என் ஃபோல்டரைக் காணோம். பதினோரு வருஷமாக வாரப் பத்திரிகைக்கு நான் போட்ட குறுக்கெழுத்துகள் அத்தனையும், புத்தகத்துக்கென்று புதிதாகப் போட்ட நாற்பதும் அதில்தான். முந்நூறைத் தேர்ந்தெடுத்து ஆகஸ்ட் கடைசிக்குள் பதிப்பாளரிடம் கொடுக்க வேண்டும், என் முதல் புத்தகம். எங்கே வைத்தீர்கள்? சீக்கிரம் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கட்டக்காரி


ஜூன் 23

என் அருமைக் கட்டக்காரிக்கு,

கரை தொட்டதும் உன் கடிதம் கிடைத்தது. எஞ்சின் ரூம் சூட்டில் வெந்து வந்தவனுக்கு ஒரு "எப்படி இருக்கீங்க"கூட இல்லையா?

அந்தப் பழைய சிஸ்டத்தை நினைத்தாலே எனக்குக் குமட்டும். பட்டனை அழுத்தினால் விளம்பரம். அணைக்கப் போனால் "அப்டேட் நடக்கிறது, அணைக்காதே" என்று நமக்கே அதட்டல். நம்மை ஒரு வார்த்தை கேட்காமல் அந்தக் கம்பெனிக்காரன் நம் மிஷினில் கை வைக்கிறான், எது எங்கே இருக்க வேண்டும் என்று அவனே முடிவு செய்கிறான். சொந்த வீட்டில் வாடகைக்கு இருப்பது மாதிரி. அதனால்தான் அதை வழித்துத் துடைத்தேன்.

துடைக்கும் முன் பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓடவிட்டுப் பார்த்து, போட்டோ, பாட்டு, இன்ஷூரன்ஸ் காகிதம் எல்லாவற்றையும் தனியாக எடுத்துவைத்தேன். உன் ஃபோல்டரையும் திறந்தேன். ஒரே கொக்கியும் கிறுக்கலும். வைரஸ் தின்ற குப்பை என்று விட்டுவிட்டேன். பொழுதுபோக்குக்குப் போடுகிற கட்டம்தானே, மறுபடி போட்டுக்கொள்ளலாம். மனசை விடாதே.

அன்புடன்,
உன் எஞ்சின்காரன்


ஜூலை 9

எஞ்சின்காரருக்கு,

குப்பை இல்லை. தமிழ். பத்திரிகை ஆபீஸ் அந்தக் காலத்தில் கொடுத்த எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத மிஷினில் திறந்தால் கிறுக்கலாகத்தான் தெரியும். "இது என்னடி?" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் சொல்லியிருப்பேன். பக்கத்து அறையில்தான் இருந்தேன், உங்கள் சட்டைகளை மடித்துக்கொண்டு.

'பொழுதுபோக்கு' என்று படித்ததும் கடிதத்தைக் கீழே போட்டுவிட்டு, சோப்பு தேய்த்துக் கை கழுவினேன். அவ்வளவு அருவருப்பு.

ஒவ்வொரு லீவுக்கும் ஒன்று. போன தடவை சமையலறை அலமாரியை "வசதிக்காக" மாற்றினீர்கள், ஒரு வாரம் உப்பைத் தேடினேன். அதற்கு முன் என் எழுதும் மேஜையை மாடிக்கு ஏற்றினீர்கள். எல்லாம் என் நல்லதுக்கு! பழைய சிஸ்டத்தைத் திட்டி நீங்கள் எழுதியதை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். எனக்கு அதில் தெரிவது உங்கள் முகம்தான்.

இப்படிக்கு,
கட்டம் போடுகிறவள்


ஜூலை 28

கட்டக்காரிக்கு,

தப்புதான். ஒத்துக்கொள்கிறேன். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் பதற்றத்தில் நீ எதையும் தொட்டுவைக்காதே. நவம்பரில் வந்து நானே எல்லாவற்றையும் சரி செய்கிறேன். பதிப்பாளரிடமும் நானே பேசிக்கொள்கிறேன், நம்பரை மட்டும் அனுப்பு. பாஸ்வேர்டு என்னிடமே இருக்கட்டும், உனக்கு எதற்கு அந்தத் தலைவலி?

உன்,
எஞ்சின்காரன்


ஆகஸ்ட் 30

என்னங்க,

நவம்பர் வரை நான் காத்திருக்கவில்லை.

பத்திரிகை ஆபீஸில் பழைய இதழ்களை வருஷவாரியாகக் கட்டிவைத்திருக்கிறார்கள். நூலகர் தூசி தட்டிக் கொடுத்துவிட்டு, "இத்தனையும் நீங்க போட்டதா மேடம்? உங்க கட்டத்தால பாதி நாள் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கேன்" என்றார். கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்கு எடுத்துவந்து, இந்தத் தடவை எந்த மிஷினிலும் தெரிகிற எழுத்தில், இருநூற்று அறுபதை மறுபடி அடித்தேன். புத்தகத்துக்கென்றே போட்டு வைத்திருந்த நாற்பது அச்சில் வராதவை. அவை போனது போனதுதான். இனி எனக்கே ஞாபகம் வராது. இருநூற்று அறுபதே போதும் என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார், நேற்று அவர் கையில் கொடுத்துவிட்டேன். நீங்கள் அவரிடம் பேச வேண்டியதில்லை.

லினக்ஸ் நல்லதுதான். நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. அதட்டுவதில்லை, விளம்பரம் காட்டுவதில்லை, கேட்டதை மட்டும் செய்கிறது. மறந்த பாஸ்வேர்டை எப்படி மாற்றுவது என்றுகூட அதன் உதவிப் பக்கத்திலேயே இருந்தது. நானும் மகளும் படித்துப் படித்து மாற்றிவிட்டோம். பிரிண்டரும் ஓடுகிறது. மேஜையைக் கீழே இறக்கிவிட்டேன்.

மூன்று கம்ப்யூட்டரிலும் உங்களுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், கடிதம் எழுதலாம். எங்கள் ஃபோல்டர்களைத் திறந்து படிக்கலாம், அழிக்க முடியாது. எதையாவது மாற்ற வேண்டுமானால் பாஸ்வேர்டு கேட்கும். அப்போது என்னைக் கூப்பிடுங்கள், பக்கத்து அறையில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
கட்டக்காரி