உமி நிறைந்த கிண்ணம்

அன்பு மகனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம், கப்பலில் நீயும் உன் கூட்டாளிகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு எப்போதும் நினைப்பு. சலவைக் கூடத்தில் நாள் முழுக்க விரிப்பு மடித்து விரல் மரத்துவிடுகிறது, பேனா நிற்பதில்லை. அதனால் கையெழுத்து இவளுடையது. எட்டாவதோடு நின்றவள் என்றாலும் உன் கோழிக் கிறுக்கலுக்கு இது எவ்வளவோ மேல், கோபித்துக்கொள்ளாதே. இன்ஜின் ரூம் சூட்டில் நின்றுவிட்டு அப்படியே தலையில் தண்ணீர் ஊற்றாதே, காதில் பஞ்சு வைக்க மறக்காதே.

உன் பட்ஜி கிளி பட்டாணிக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது, பதறாதே, தேறிவிட்டான். இறகை உப்பவைத்துக்கொண்டு பஞ்சு உருண்டை மாதிரி இருந்தான், நான் குளிருக்குத்தான் என்று கூண்டைத் துணியால் மூடினேன். மறுநாள் கம்பியில் நிற்க முடியாமல் கூண்டின் தரையில் உட்கார்ந்துவிட்டான், எச்சம் தண்ணியாகப் போனது, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. தினைக் கிண்ணம் என்னவோ தினமும் நிறைந்துதான் இருந்தது, வயிறு முட்டத் தின்றுவிட்டு மிச்சமும் வைத்திருக்கிறான் மகராசன் என்று நினைத்தேன். பறவை டாக்டர் கிண்ணத்தை வாங்கி ஊ என்று ஒரு ஊது ஊதினார், அத்தனையும் பறந்து அவர் சட்டையெல்லாம் ஒட்டிக்கொண்டது, அடியில் நாலே நாலு தினை. இது வெறும் உமிம்மா, இதப் பாத்தா நெறஞ்சிருக்கு நெறஞ்சிருக்குன்னு இருந்தீங்க என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சொட்டு மருந்து கொடுத்தார், பக்கத்தில் பல்பு போட்டுச் சூடாக வைக்கச் சொன்னார். ஐந்து நாளில் கம்பிக்கு ஏறிவிட்டான். வேறு விசேஷம் இல்லை.

அண்ணா, இனி வருவது என் பேச்சு. ஆசீர்வாதம் போட்டு ஒட்டிடுடி என்று சொல்லிவிட்டு அம்மா வேலைக்குப் போய்விட்டாள். பட்டாணி விஷயத்தில் தப்பு என்னுடையது. நான் பகலெல்லாம் அதே அறையில்தான் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மா சாவி திருகும் சத்தம் கேட்டதும் உன் குரலில் சாப்டியா சாப்டியா என்று கத்துவானே, நாலு நாளாகக் கத்தவில்லை. எனக்குத் தெரிந்தது. அலுத்து வருகிறவளிடம் எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். எத்தன நாளா இப்படி என்று டாக்டர் கேட்டபோதும் நாலு விரலைத்தான் காட்டினேன். நோவு வந்தால் பறவை வெளியே காட்டாதாம், நமக்குத் தெரியும்போது பாதி கடந்திருக்குமாம், பேச்சு நின்ன அன்னைக்கே சொல்லியிருக்கணும்மா என்றார்.

அதனால் இந்தத் தடவை சொல்லிவிடுகிறேன். அம்மா இப்போது பாட்டுப் பெட்டியைப் போடுவதில்லை. பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டாலும் படி ஏறுவதில்லை. வீட்டுக்குள்ளேயும் சால்வையைச் சுற்றிக்கொண்டு உன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கும் பேச வராது, இரண்டு பேரும் பட்டாணியைப் பார்த்துக்கொண்டு இருப்போம். நீ கரைக்கு வந்து போன் பண்ணினால் எழுந்து நின்று, நல்லா இருக்கோம்டா, நீ எப்படி இருக்க என்கிறாள், நீயும் நம்பிவிடுகிறாய். நேற்றுத்தான் பட்டாணிக்குக் குரல் திரும்பியது. அவள் செருப்பைக் கழற்றும்போதே சாப்டியா என்றான். சாப்ட்டேன்டா கண்ணா என்றாள். நான் மதியத்துக்குக் கட்டிக் கொடுத்த டப்பாவைக் கழுவ எடுத்தேன், மூடியே திறக்கவில்லை.

அம்மா சொன்னபடி எழுதுகிறேன்: நீ நீண்ட ஆயுசோடு, நல்ல பேரோடு இருக்க வேண்டும், கடல் உன்னைப் பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும். நான் சொல்வது ஒன்றுதான், அடுத்த கரையில் போனை எடுத்ததும் சாப்டியா என்று நீ கேள். சாப்ட்டேன் என்பாள். என்ன சாப்ட்டே என்றும் கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
(கையெழுத்தும் கடைசிப் பக்கமும்: தங்கை)