காரமில்லாத பாதி

இன்று சாயங்காலம் நம் தெருமுனையில் யாரோ "அண்ணி" என்று கூப்பிட்டார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. யார் வீட்டு அண்ணியையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, பையை இடுக்கிக்கொண்டு நடந்தேன். "அட, உங்களத்தான் அண்ணி! காதுல என்னா பஞ்சா வச்சிருக்கீங்க?" என்று மறுபடியும் குரல் வந்தது. பிள்ளைச்சாவடியிலிருந்து வந்து அன்னக்கூடையோடு உட்காருவாளே, உன் மீன்காரி, அவள்தான். நீ போன பிறகு அந்த முனைப் பக்கமே நான் போவதில்லை. மருந்துக்கடை வேலை முடிந்ததும் பின்சந்து வழியாக வீட்டுக்கு வந்துவிடுவேன். இன்று சந்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் அவள் கண்ணில் பட்டுவிட்டேன்.

என்னை அண்ணி என்று கூப்பிடும் உரிமை இந்த உலகத்தில் உனக்கு ஒருத்திக்குத்தான் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு நீ ஒரே தங்கச்சி. ஆனால் நீ வாசலில் நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, மீன்காரி, ரொட்டிக்கடைக்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் எல்லாருக்கும் நான் அண்ணியாகிவிட்டேன். எதிர்வீட்டில் மாமியாரும் அண்ணி என்பாள், மருமகளும் அண்ணி என்பாள். "நான் என்னா ஊருக்கே அண்ணியா?" என்று ஒருநாள் உன்மேல் எரிந்து விழுந்தேன். "இருந்துட்டுப் போங்களேன், உங்களுக்கு என்னா கொறஞ்சு போச்சு?" என்றாய். நீ போனதும், மீன்காரியைத் தவிர மற்ற எல்லாரும் குரலைத் தாழ்த்தி "அம்மா" என்று மாற்றிக்கொண்டார்கள். மரியாதைக்காகத்தான் செய்தார்கள், தெரிகிறது. எனக்குத்தான் பிடிக்கவில்லை.

"எறா வந்திருக்கு அண்ணி, இப்பத்தான் எறங்குச்சு. ஒரு கூறு போடட்டா?" என்றாள். கூடைத் தட்டின்மேல் கூறு கூறாகக் குவித்து வைத்திருந்தாள், ஈரம்கூடக் காயவில்லை. "அரைக் கூறு குடுப்பியா?" என்று கேட்டேன். "அரைக் கூறா? மீதி அரைய நான் யாருக்கு விக்கறது..." என்று வழக்கம்போல ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். கண்ணைத் தாழ்த்தி, அந்தக் கூறை இரண்டாகப் பிரிக்கக் கையை வைத்தாள். எனக்கு எங்கிருந்துதான் அந்த ரோஷம் வந்ததோ. "பிரிக்காத, முழுசாவே போடு" என்றேன். அவள் உரித்துச் சுத்தம் செய்து கொடுத்தாள். அதே ரோஷத்தில் பீர்க்கங்காய், முருங்கைக்காய், ஒரு முழு ரொட்டி எல்லாம் வாங்கிக்கொண்டேன்.

ஒற்றை ஆளுக்கென்று இந்த ஊரில் எதையும் விற்பதில்லை, கவனித்திருக்கிறாயா? கீரைக்கட்டு இரண்டு பேருக்கு. பீர்க்கங்காய் ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்கு. நம் ரொட்டிக்கடை நீட்டு ரொட்டி, அதுவும் இரண்டு பேருக்கு. பாதியாக நறுக்கித் தரச் சொன்னால் கடைக்காரர் என்னவோ தன் சொத்தில் பங்கு கேட்ட மாதிரிப் பார்ப்பார். அதனால்தான் நான் ராத்திரியில் சமைப்பதை விட்டேன். ஒரு பன், ஒரு வாழைப்பழம், முடிந்தது கதை. அடுப்பு காலையில் காபிக்கு மட்டும் எரியும்.

சென்னையிலிருந்து பிள்ளை தினமும் போன் பண்ணி "என்னம்மா சாப்பிட்ட?" என்று கேட்கிறான். தோசை என்பேன், உப்புமா என்பேன். அவன் என்ன சின்னப் பிள்ளையா, குரலிலேயே கண்டுபிடித்துவிடுகிறான். "அத்தையும் போயாச்சு, அங்க தனியா ஒக்காந்து யாருக்கு என்ன பண்ற? ஞாயித்துக்கிழமை வண்டியோட வர்றேன். சாமானக் கட்டுவோம், வீட்ட வாடகைக்கு விடுவோம்" என்கிறான். அவன் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை. மருமகளும் நல்லவள்தான். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கையில் இறால் பையோடு கதவைத் திறக்கும்போதுதான் எனக்குள் ஒன்று முடிவானது. இந்த வீட்டில், நீ இல்லாமல், ஒரு ராத்திரிச் சாப்பாட்டை நானே சமைத்து உட்கார்ந்து சாப்பிட என்னால் முடிகிறதா என்று பார்ப்பது. முடியாவிட்டால் அவன் சொல்வதுதான் சரி, ஞாயிற்றுக்கிழமை வண்டி ஏற வேண்டியதுதான்.

உன் சட்டியை ஆணியிலிருந்து எடுத்தேன். கைப்பிடி வழக்கம்போல என் முழங்கையில் இடித்தது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நீ பொறுக்கிக்கொண்டு வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய ஒரு சொல்தா, பழைய சிப்பாய், வீட்டைக் காலி செய்தபோது வெளியே வந்த சாமான் என்று விற்றவன் சொன்னானாம். அகலமாக, தட்டையாக, கனத்த இரும்பில் ஒரு முழ நீளக் கைப்பிடியோடு. "இது என்னா சட்டியா, பந்து அடிக்கிற மட்டையா?" என்று சிரித்தேன். அந்த நாளில் உன்னிடம் நான் சிரித்துப் பேசினால் அது கேலிக்காக மட்டும்தான் இருக்கும்.

நம் கூத்து இந்தத் தெருவுக்கே தெரியும். உன் புருஷன் வீடு சரிப்படாமல் நீ அண்ணன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, ஒரே சமையற்கட்டில் இரண்டு குடித்தனம். உன் உப்பு ஜாடி வேறு, என் உப்பு ஜாடி வேறு. உனக்கு வயிற்றுப் புண், காரம் ஆகாது. எனக்குக் காரம் இல்லாவிட்டால் தொண்டைக்குள் இறங்காது. "இது சாப்பாடா, ஆஸ்பத்திரிக் கஞ்சியா?" என்பேன். "அது கொழம்பா, கொள்ளிக்கட்டையா?" என்பாய். நடுவில் உன் அண்ணன், பாவம், இரண்டு பக்கத்திலும் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வாயைத் திறக்காமல் எழுந்து போவார். அவர் காலமான பிறகு சண்டை போடக்கூட நமக்குள் பேச்சு இல்லை. நீ ஒரு நேரம் சமைப்பாய், நான் ஒரு நேரம் சமைப்பேன். சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவோம்.

அதை முடித்து வைத்தது காலியாகப் போன சிலிண்டர். நீ துணிக்கடையில் நாளெல்லாம் நின்று கால் வீங்கி வந்திருந்தாய், கையில் இறால். நான் பீர்க்கங்காயும் முருங்கைக்காயும் வாங்கி வந்திருந்தேன். அடுப்பில் தீ நீலம் போய் மஞ்சளாக ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த சிலிண்டர் வர நாளாகும். நீ சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாய். "அண்ணி, கேஸு தீரப்போவுது. எறா நாளைக்குத் தாங்காது. ஒரே சட்டி, ஒரே தீ. என்னா சொல்றீங்க?" என்றாய். "காரம்?" என்றேன். நீ கொஞ்ச நேரம் சட்டியையே பார்த்தாய். பிறகு என் முருங்கைக்காய்த் துண்டுகளை எடுத்துச் சட்டியின் நடுவில் குறுக்காக, வயலுக்கு வரப்புக் கட்டுகிற மாதிரி அடுக்கினாய். "அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நானு" என்றாய்.

அன்றைக்கு ஆரம்பித்த வழக்கம் கடைசி வரைக்கும் மாறவில்லை. நல்லெண்ணெய் காய்ந்ததும் தாளிப்பு வடகத்தை உதிர்த்துப் போடுவாய். அந்த வாசனையில் எதிர்வீட்டுச் சன்னல் திறக்கும். வெங்காயம், பூண்டு, தக்காளி வதங்கியதும் முருங்கைக்காய் வரப்பு. அது கொஞ்சம் வெந்ததும் இரண்டு பக்கமும் பீர்க்கங்காய், மஞ்சள், உப்பு. என் பக்கம் மட்டும் கீறின பச்சை மிளகாயும் மிளகாய்த்தூளும். கடைசியில் இறாலைப் பரப்பி மூடினால், சுருண்டதும் இறக்கிவிடலாம். பீர்க்கங்காய் விடுகிற தண்ணீரே போதும், சொட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது. சோறு வடிக்கிற வேலையும் இல்லை. ரொட்டியைப் பிய்த்துச் சட்டியிலேயே தொட்டுக்கொண்டு சாப்பிடுவோம். ரொட்டியின் மொறுமொறு முனை ஆளுக்கு ஒன்று.

வரப்பு எங்கே நிற்கும்? சாறு கசிந்து உன் பக்கம் போய்விடும். ஒரு வாய் வைத்ததும், "அண்ணி, நம்ம ஊரு எல்ல மாதிரியே இருக்கு இது! எங்க பாண்டி முடியுது, எங்க தமிழ்நாடு ஆரம்பிக்குதுன்னு ஒரு மண்ணும் தெரியல. உங்க காரம் கள்ளத்தனமா உள்ள வந்துடுச்சு, செக்போஸ்ட்ல ஆளு இல்லியா?" என்பாய். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரிப்பாய். நானும் சிரிப்பேன். எவ்வளவு வருஷம் வீணாகச் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டோம் என்று எனக்கு அப்போதெல்லாம் தோன்றும், ஆனால் உன்னிடம் சொன்னதில்லை. நீயும் சொன்னதில்லை. "எறாவ மிச்சம் வைக்காதீங்க, சட்டி ராத்திரியே காலியாவணும்" என்று மட்டும் சொல்வாய். கழுவித் துடைத்து எண்ணெய் தடவி மாட்டாவிட்டால் உன் சட்டி துருப்பிடித்துவிடுமாம்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய். சளி நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போனதும் எறா வாங்கணும் அண்ணி, இங்க குடுக்கறது எனக்கே சப்புன்னு இருக்கு" என்றாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசிய பேச்சு. நான் சட்டியைத் தேய்த்து எண்ணெய் தடவி வைத்தேன். நீ வரவில்லை.

இன்று அடுப்பைப் பற்ற வைத்து நல்லெண்ணெய் ஊற்றினேன். வடகம் பொரிந்தது. சன்னல் திறக்கிற சத்தமும் கேட்டது. பிறகு பழகிய கை பழகிய வேலையைப் பார்த்துக்கொண்டே போனது. வெங்காயம், தக்காளி, முருங்கைக்காய், பீர்க்கங்காய், இறால். மூடியைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. நடுவில் வரப்பு. அந்தப் பக்கம் சிவப்பாக என் பாதி. இந்தப் பக்கம் வெறும் மஞ்சளாக உன் பாதி. மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்தேன், இந்தப் பக்கமும் தூவிக் கிளறிவிடலாம் என்று. யாருக்காக இனி வரப்பு? டப்பாவைத் திறக்காமலே திரும்ப வைத்துவிட்டேன். கிளறினால் நீ நிஜமாகவே போய்விடுவாய் என்று இருந்தது. பைத்தியக்காரத்தனம்தான், இருக்கட்டும்.

தரையில் உட்கார்ந்து என் பாதியைச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ரொட்டியின் ஒரு முனையைத் தின்றேன், இன்னொரு முனை உன் பக்கத்தில் கிடந்தது. வீட்டில் அப்படி ஒரு அமைதி. மெல்லுகிற சத்தம் எனக்கே கேட்டது. தனியாகச் சாப்பிடுவது இவ்வளவு சத்தமான வேலை என்று எனக்கு இதுவரை தெரியாது. என் பாதிக்குமேல் முடியவில்லை. எழுந்துவிடலாம், மூடி வைத்துவிட்டுப் படுத்துவிடலாம் என்று நினைத்தபோது போன் அடித்தது.

"என்னம்மா சாப்பிட்ட?"

"எறாவும் பீர்க்கங்காயும்."

"யாரு செஞ்சா?"

"யாரு செய்வா, நாந்தான்."

"ஒரு கூறு ரெண்டு பேருக்காச்சே, எல்லாத்தையும் நீயேவா சாப்பிட்ட?"

"இன்னும் முடிக்கல. அத்தயோட பாதி இருக்கு."

"அம்மா..." என்று இழுத்தான். குரல் உடைகிற மாதிரி இருந்தது. உன் மடியில் வளர்ந்தவன்தானே. "ஞாயித்துக்கிழமை வண்டி சொல்லிட்டேன்மா" என்றான் மெதுவாக.

அங்கே சென்னையில் நான் அம்மா, பாட்டி, மருமகளுக்கு அத்தை. எல்லாமாக இருக்கலாம். அண்ணியாக மட்டும் இருக்க முடியாது. அதை அவனுக்கு எப்படிச் சொல்வது? "வண்டிய வேணாம்னு சொல்லிடு. நீ மட்டும் வா, எறா செஞ்சு தர்றேன்" என்றேன். "தனியா எப்பிடிம்மா இருப்ப?" என்று கேட்டான். "கஷ்டமாத்தான் இருக்கும். இருந்துக்கறேன். இப்ப போன வை, சட்டி காலியாவணும்" என்றேன்.

அப்புறம் சட்டியை அரை வட்டம் திருப்பி உன் பக்கத்தை என் முன்னால் வைத்துக்கொண்டேன். உன் ரொட்டி முனையைப் பிய்த்துத் தொட்டு, ஒரு இறால் மிச்சமில்லாமல் சாப்பிட்டேன். இத்தனை வருஷத்தில் உன் பாதியை நான் ருசி பார்த்தது இதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரிக் கஞ்சி இல்லை. இறால் தித்தித்தது, பீர்க்கங்காய் தித்தித்தது. காரம் ஒரு துளி இல்லை, இன்றைக்கென்று சாறுகூட எல்லை தாண்டவில்லை. ஆனாலும் என் கண்ணிலிருந்து தண்ணீர் நிற்காமல் வழிந்து சட்டியில் சொட்டியது. நீ எதிரே இருந்திருந்தால் கேட்டிருப்பாய், "என்னா அண்ணி, செக்போஸ்ட்ல ஆளு இல்லியா?"