மஞ்சள் தண்ணீர் பட்ட கண்ணாடி

அம்பாசமுத்திரம்
பரிதாபி வருஷம், ஆவணி மாதம் 14ந் தேதி

சிரஞ்சீவி சிவசண்முகத்துக்கு அப்பா ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் க்ஷேமம் என்று எழுத இன்றைக்குத்தான் கை வந்தது. ரங்கூனில் உன் க்ஷேமத்தைத் தெரியப்படுத்தவும். போன வாரம் தபால் வரவில்லை என்று குறைப்பட்டிருப்பாய், படு, எனக்கும் உன்மேல் குறை நிறைய இருக்கிறது. முதலில் பயப்படாமல் படி. ஞானம்பாள் பிழைத்துக்கொண்டாள், வயிற்றுப் பிள்ளைக்கும் ஒன்றும் இல்லை.

மூன்றாம் தேதி உன் பெண்சாதிக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல வலி, கண்ணைக்கூடத் திருப்ப முடியவில்லை. மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கிற ஞானையா டாக்டரை அழைத்து வந்தேன். அவர் பார்த்துவிட்டு, அண்ணாச்சி, இது மலேரியாக் குளிர்காய்ச்சலா இருந்து கொயினா மருந்து குடுக்காம விட்டா தாய்க்கு ஆபத்து, குளிர்காய்ச்சல் இல்லாம சும்மா குடுத்து வச்சா வயித்துப் பிள்ளைக்கு ஆகாது, ரத்தத்தைப் பாத்துட்டுத்தான் சொல்லணும் என்றார். குளிர்காய்ச்சல் என்றால் சிவப்பு அணுவுக்குள் கிருமி உட்கார்ந்திருக்குமாம், இப்போது ஊரில் பரவுகிற மேல்வலிக் காய்ச்சல் என்றால் கிருமி தெரியாது, வெள்ளை அணுக்கள் பாதிக்குப் பாதி குறைந்திருக்குமாம். ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கிற உனக்கு இதெல்லாம் தினப்படி வேலை, எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் இழுத்துவிட்டு, கல்லிடைக்குறிச்சிக்குப் போகிற அவசரத்தில், மாடத்தில் காயட்டும், காலையில் ஆள் வந்து எடுத்துக்கொள்வான் என்று சொல்லிப் போனார். வேண்டியிருந்தால் இருக்கட்டும் என்று வெறும் கண்ணாடி ஒன்றும் வைத்துப் போனார்.

விடிந்து பார்த்தால் ஞானம்பாள் மார்பிலும் கையிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. உன் அம்மாவுக்கு அது போதாதா? அம்மா வந்திருக்கா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பு கூடாது, மருந்து கூடாது, அந்நியர் வரக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டாள். ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரைக் கரைத்து வீட்டில் ஒரு சாமான் விடாமல் தெளித்தாள். என் மூக்குக் கண்ணாடிக்கும் தெளித்தாள், நான் துடைத்துப் போட்டுக்கொண்டேன். மாடத்தில் இருந்த ரத்தக் கண்ணாடிக்கும் தெளித்தாளே, அதைத் துடைத்துப் போட முடியுமா? டாக்டர் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிட்டு, தண்ணி பட்டு அம்புட்டு அணுவும் வெடிச்சுப் போச்சு, இதை வச்சு நான் என்னத்தச் சொல்லுதது என்று கையை விரித்துவிட்டார். மறுபடி குத்தலாம் என்றால் உன் அம்மா அறை வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டு, அம்மா இறங்கியிருக்கிற உடம்புல ஊசி குத்துவீகளோ, நேத்து குத்தினதுக்குத்தான் இந்தக் கோவம் என்கிறாள். நான் கத்தினேன், சாப்பிடாமல் கிடந்தேன், அவள் அசையவில்லை.

இப்படி மூன்று நாள். காய்ச்சல் இறங்கவே இல்லை. உன் மாமா வைத்தியலிங்கம் வந்து, காய்ச்சலுக்குக் கொயினாவை விட்டா வேற என்ன இருக்கு, பிள்ளை போனா இன்னொண்ணு பிறக்கும் என்று தபாலாபீசில் வாங்கிய கொயினாப் பொட்டலத்தை என் கையில் திணித்துப் போனான். அந்தப் பேச்சு எனக்கு ஆகவில்லை, ஆனாலும் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எட்டாம் தேதி காலையில் உன் அம்மா வேப்பிலை பறிக்கப் போன சமயம், ஒரு தம்ளரில் கொயினாவைக் கரைத்து எடுத்துக்கொண்டு ஞானம்பாள் அறைக்குள் போனேன். மறைத்து என்ன, கொடுக்கத்தான் போனேன்.

கலியாணமாகி இத்தனை காலத்தில் என் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசாத பெண், தலையணைக்கு அடியிலிருந்து, டாக்டர் வெறுமனே வைத்துப் போன அந்த இரண்டாவது கண்ணாடியை எடுத்து நீட்டினாள். மாமா, அவுக காயிதத்துல எழுதினபடியே தையல் ஊசியால குத்தி நானே இழுத்து வச்சிருக்கேன், தண்ணி படாம டாக்டர்கிட்ட சேத்துடுங்க என்றாள். ஒரு கையில் தம்ளரும் ஒரு கையில் கண்ணாடியுமாக நின்றேன். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வேட்டி மடிப்பில் கண்ணாடியைச் சுற்றிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஓடினேன். டாக்டர் வெகுநேரம் பார்த்தார். குளிர்காய்ச்சல் கிருமி ஒன்றுகூட இல்லை, வெள்ளை அணுக்கள் பாதிகூட இல்லை, கொயினாவைத் தொடாதீர்கள், கஞ்சியும் படுக்கையும் போதும் என்றார். யாரு இழுத்தது, என்னையவிட நல்லா இழுத்திருக்காகளே என்று வேறு கேட்டார். பத்தாம் தேதி காய்ச்சல் விட்டது, தடிப்பும் அமுங்கிவிட்டது. தன் நேர்ச்சையால்தான் குளிர்ந்தது என்று உன் அம்மா மாவிளக்குக்கு அரிசி ஊறப் போட்டிருக்கிறாள். வாதாட எனக்குத் தெம்பு இல்லை.

இப்போது உன் சங்கதிக்கு வருகிறேன். உன் பெண்சாதிக்கு நாலு தாள் நிறைய ரத்தமும் அணுவும் எழுதுகிறாய், எனக்கு மழை பெய்ததா என்று நாலு வரி. அவள் படிப்பதை நான் வேண்டாம் என்று சொன்னவன்தான், அதற்காக எனக்கு ஒன்றும் சொல்லக் கூடாதா? எனக்கும் அந்த நாலு தாளை எழுதியிருந்தால் நான் ஏன் தம்ளரோடு போய் நிற்கிறேன்? யார் யார் ரத்தத்தையோ அங்கே பார்க்கிறாயே, உன் வீட்டு ரத்தத்தையும் பார் என்று அந்தக் கண்ணாடியைப் பஞ்சில் சுற்றித் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பிரசவத்துக்குத் தையிலேயே லீவு கேட்டு வை. காந்திமதி அம்மை துணையிருப்பாள். கொயினாவைக் கொல்லையில் கொட்டிவிட்டேன். அந்தத் தம்ளரை மூன்று தடவை புளி போட்டுத் தேய்த்தும் எனக்குக் கசப்புப் போனதாகத் தெரியவில்லை. அதனால் வேறு யாரையும் அதைத் தொடவிடாமல் நானே அதில் தண்ணீர் குடித்து வருகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
(ஒப்பம்) பாபநாசம்